விண்டோஸ் 10 ஓய்ந்தது, கம்ப்யூட்டரை மாற்றியே ஆக வேண்டுமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதன் பிறகு பெங்களூரு வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய இலவச இயங்குதளமான (ஓ.எஸ்.) லினக்ஸ் அடிக்கடி தலைகாட்டுகிறது. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: மகன் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எஸ்.பி. ரோட்டில் அசெம்பிள் செய்து வாங்கிய பழைய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜி.பி. ரேம், ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 இதில் ஏறாது, போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்ற வேண்டும் என்று கடையில் 40,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். மகனோ, "லினக்ஸ் போட்டால் பைசா செலவில்லை" என்கிறான். அவன் ஆடுவது வேலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, ஜி.டி.ஏ. 5. என் பேங்க் வேலையும் அதில்தான். யார் சொல்வது சரி? (ஒரு வாசகர், அல்சூர்)

பதில்: விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்று கடைக்காரர் சொன்னது சரி. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் ஏறக்குறைய எதுவுமே மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை. தடையைத் தாண்டி 11-ஐ ஏற்றும் வழி இருக்கிறது, செய்து தரவும் ஆள் கிடைக்கும். ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

அதற்காக 40,000 ரூபாயை உடனே எடுத்து வைக்கத் தேவையில்லை. விண்டோஸ் 10-க்கே நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்று 2026 அக்டோபர் 13 வரை உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உங்கள் செட்டிங்ஸை அதில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் கிடையாது. அப்டேட் பக்கத்திலேயே அதற்கான பட்டன் இருக்கும். கொட்டேஷன் போடும்போது இதைக் கடைக்காரர்கள் ஏனோ சொல்வதில்லை!

இப்போது மகன் சொன்னதற்கு வருவோம். லினக்ஸில் கேம் ஆட முடியாது என்பதெல்லாம் பழைய கதை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-இல் புரோட்டான் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. விண்டோஸுக்காக எழுதிய கேமை லினக்ஸில் ஓடவைக்கும் இடைத்தட்டு அது. 2022-இல் அதே நிறுவனம் லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் என்ற கைக்கருவியை விற்க ஆரம்பித்ததும் வேலை வேகமெடுத்தது. எல்டன் ரிங், சைபர்பங்க் 2077, விட்சர் 3, பால்டர்ஸ் கேட் 3 போன்ற பெரிய கேம்கள் இன்று லினக்ஸில் ஓடுகின்றன. ஸ்டீமில் இன்ஸ்டால் பட்டனை அழுத்துவதைத் தவிர ஆடுபவர் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒன்றுமில்லை. எபிக் கடையில் இலவசமாகச் சேர்த்து வைத்த கேம்களுக்கு ஹீரோயிக் என்ற லாஞ்சர் இருக்கிறது.

சிக்கல் வருவது ஆன்லைன் போட்டிகளில்தான், உங்கள் மகனின் பட்டியலோ சரியாக அந்த இடத்தில் மாட்டுகிறது. வேலரண்ட் லினக்ஸில் ஓடாது. அதன் வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு, விண்டோஸின் அடிமட்டம் வரை போய் உட்காரும் வகை. புரோட்டானால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது, லினக்ஸுக்குள் மெய்நிகர் கம்ப்யூட்டர் வைத்து அதில் விண்டோஸை ஓட்டினாலும் வேன்கார்ட் ஒப்புக்கொள்ளாது. ஃபோர்ட்நைட், அண்மைய கால் ஆஃப் டியூட்டி கேம்கள், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் எல்லாம் இதே கதைதான். ஏபெக்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, 2024-இல் நிறுவனமே கதவைச் சாத்திவிட்டது. ஜி.டி.ஏ. 5-இல் கதைப் பகுதி ஓடும். ஆன்லைன் பகுதி 2024 செப்டம்பரில் புதிய தடுப்பு வந்ததிலிருந்து லினக்ஸில் இல்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 வால்வின் சொந்தக் கேம், லினக்ஸுக்கென்றே பதிப்பு உண்டு, கவலை வேண்டாம். ஆனால் பையன் ஃபேஸ்இட் என்ற தனிப் போட்டித் தளத்தில் ஆடுபவன் என்றால் அது கிடையாது.

அதனால் எந்த லினக்ஸ் என்று தேடுவதற்கு முன்னால், அவன் உண்மையில் ஆடும் கேம்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயரையும் புரோட்டான்டிபி என்ற தளத்தில் தேடினால் ஆடியவர்களே தந்த மதிப்பீடு கிடைக்கும். "பிளாட்டினம்" என்றால் அப்படியே ஓடும், "போர்க்ட்" என்றால் மறந்துவிட வேண்டியதுதான். ஆன்லைன் கேம்களுக்கு மட்டும் ஆர் வீ ஆன்ட்டி-சீட் யெட் என்று தனித் தளம் இருக்கிறது. ஒரு கேமுக்காகத்தான் கம்ப்யூட்டரே என்றால், அந்தக் கேம் ஓடாத சிஸ்டத்துக்கு அவனை மாற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை: ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகமான சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று மட்டும் வாங்குங்கள், 500 ஜி.பி. அளவில் இருந்தால் கேமுக்கும் இடம் இருக்கும். கொட்டேஷன் தொகையில் அது சிறு பங்குதான். பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, புதிய எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-ஐ ஏற்றுங்கள். கேபிளைக் கழற்றச் சொல்வது பயமுறுத்த அல்ல, தவறான டிஸ்க்கை அழிக்கும் விபத்துக்கு வாய்ப்பே இல்லாமல் செய்யத்தான். ஏற்றி முடித்ததும் கேபிளைத் திரும்ப மாட்டிவிடுங்கள். ஆன் செய்யும்போது எந்த டிஸ்க் என்று தேர்ந்தெடுக்கும் கீ ஒன்று இருக்கும், பல போர்டுகளில் எஃப்8, எஃப்11 அல்லது எஃப்12. பையன் விண்டோஸுக்குள் போய் வேலரண்ட் ஆடட்டும், நீங்கள் லினக்ஸில் பேங்க் வேலை பாருங்கள். பழைய விண்டோஸில் மட்டும் பேங்க் பாஸ்வேர்டு தட்டாதீர்கள். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு.

கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுடையது என்விடியா. மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்ற பகுதியைத் திறந்து அது பரிந்துரைக்கும் என்விடியா டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் கேம்கள் நொண்டும். 10 வரிசை கார்டுகளுக்கு 580 வரிசை டிரைவர்தான் கடைசி என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. ஆகவே புதுப்புது டிரைவர்களைத் துரத்தும் லினக்ஸ் வகைகளைவிட மின்ட் மாதிரி நிதானமானது உங்களுக்குத் தோது. டைரக்ட்எக்ஸ் 12 என்ற விண்டோஸ் கிராஃபிக்ஸ் முறையில் எழுதிய கேம்களில் விண்டோஸைவிட வேகம் குறைவதும் என்விடியாவில் உண்டு. ஸ்டீம் டெக்கில் இருக்கும் ஸ்டீம் ஓ.எஸ்.ஸையே போட்டால் என்ன என்று பையன் கேட்பான். என்விடியா கார்டுக்கு அது ஒத்துவராது.

இன்னொன்று, ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் வழியாக இறக்கிய கேம் ஃபைல்களை லினக்ஸ் ஸ்டீமுக்குக் காட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். புரோட்டானோடு அது அடிக்கடி தகராறு செய்யும். எஸ்.எஸ்.டி.யில் புதிதாக இறக்குவதே மேல். ஜி.டி.ஏ. 5 மட்டுமே நூறு ஜி.பி.க்குப் பக்கம் வரும், பிராட்பேண்ட் பிளானில் வரம்பு இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிவாஜி நகரில் துணிக்கடை வைத்திருக்கிறேன். டேலி, ஜி.எஸ்.டி. ஃபைலிங், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். லினக்ஸுக்கு மாறலாமா?

பதில்: வேண்டாம். டேலி விண்டோஸ் மென்பொருள். டோக்கனை லினக்ஸில் வேலை செய்யவைக்கலாம் என்றாலும், ரிட்டர்ன் கடைசித் தேதி அன்று அது மக்கர் செய்தால் அபராதம் கட்டுவது நீங்கள்தான். கடைக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 ஏறும் இயந்திரம் வாங்கி, செலவைத் தொழில் கணக்கில் எழுதுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான், கம்மனஹள்ளியில் இருக்கிறேன். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் ஏராளம். கேனான் எல்.பி.பி. 2900 பிரின்டர் வைத்திருக்கிறேன். லினக்ஸில் தமிழ் வருமா? பிரின்ட் எடுக்க முடியுமா?

பதில்: தமிழ் நன்றாகவே வரும், அம்மா. மின்ட்டின் கீபோர்டு செட்டிங்ஸில் இந்திய மொழிகளுக்குக் கீழே தமிழ் விசைப்பலகைகள் இருக்கும், தமிழ்99-உம் அதில் உண்டு. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் பெற விரும்பினால் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைச் சேர்க்க வேண்டும். விண்டோஸில் தமிழ் அடிக்கும் என்.எச்.எம். ரைட்டர் பழகியவருக்கு முதல் சில நாள் கை தடுமாறும், அவ்வளவுதான்.

பாமினி ஃபைல்களைத் திறக்க அந்த எழுத்துரு ஃபைலை இன்ஸ்டால் செய்தால் போதும், வேர்டு மாதிரியான இலவச மென்பொருள் லிபர் ஆபீஸில் தெரியும். ஆனால் இந்தச் சாக்கில் முக்கியமானவற்றை, தனி எழுத்துரு இல்லாமலே தமிழ் தெரியும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. ர, ந மாதிரி எழுத்துகள் சில இடங்களில் பிசகும், உங்கள் கண்ணுக்குத் தப்பாது. வேர்டு ஃபைல்களில் அட்டவணையும் பக்க அமைப்பும் லிபர் ஆபீஸில் கொஞ்சம் நகரலாம். அச்சகத்துக்குக் கொடுக்கும் ஃபைலைப் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள்.

பிரின்டர்தான் தலைவலி. உழைப்பில் 2900-ஐக் குறை சொல்ல முடியாது, ஆனால் அது கேப்ட் என்ற கேனானின் தனி முறையில் பேசுகிறது. லினக்ஸ் டிரைவர் இருந்தும் புதிய பதிப்புகளில் அதை ஏற்றுவது பெரிய இழுபறி. கம்ப்யூட்டர் பரிச்சயமுள்ள பேரப்பிள்ளை பக்கத்தில் இல்லையென்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். எப்போதாவதுதான் பிரின்ட் என்றால் பி.டி.எஃப். எடுத்துப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிடலாம். அடுத்த பிரின்டர் வாங்கும்போது பெட்டியில் ஏர்பிரின்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த வகையை லினக்ஸ் பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காமலே கண்டுகொள்ளும். தமிழிலேயே லினக்ஸ் படிக்க கணியம் தளத்தில் கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் இருக்கின்றன.

கேள்வி: டாஸ் லேப்டாப் என்று விண்டோஸ் இல்லாத மாடல் சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கிறது. "500 ரூபாய் கொடுங்க, விண்டோஸ் போட்டுத் தர்றேன்" என்கிறார் கடைக்காரர். வாங்கி லினக்ஸ் போட்டால் வாரன்டி போய்விடுமா? (ஐ.டி. ஊழியர், மாரத்தஹள்ளி)

பதில்: லினக்ஸ்தான் என்று முடிவு செய்தவருக்கு டாஸ் மாடல் நல்ல பேரம். அந்த 500 ரூபாய் விண்டோஸ் திருட்டுப் பிரதி. லைசென்ஸை ஏமாற்றும் கருவிகளோடு வைரஸும் ஏறுவது சகஜம், வேண்டவே வேண்டாம்.

டிஸ்ப்ளே, கீபோர்டு, பேட்டரிப் பழுதுக்கும் எந்த ஓ.எஸ். என்பதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் சில சர்வீஸ் சென்டர்களில் விண்டோஸ் இருந்தால்தான் சோதிப்போம் என்று அடம்பிடிப்பார்கள். வாங்கும் முன்பே நிறுவனத்துக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேம் ஆடுவதாக இருந்தால் ஏ.எம்.டி. கிராஃபிக்ஸ் உள்ள மாடலைத் தேடுங்கள், டிரைவர் லினக்ஸோடேயே வந்துவிடும். மிகப் புதிய மாடலுக்கு ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையோ, அதிலிருந்து கேமுக்காகச் செய்த பஸ்ஸைட்டோ மின்ட்டைவிட ஒத்துவரும். 8 ஜி.பி. பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கடைக்கே எடுத்துப் போங்கள். இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து ஓட்டி வைஃபை, சவுண்ட், கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்றெல்லாம் பார்க்கலாம். ஒத்துக்கொள்ளாத கடையில் ஏன் வாங்க வேண்டும்? கைரேகை சென்சார் வேலை செய்யாமல் போகலாம், ஓ.டி.டி. படங்களும் லினக்ஸ் பிரவுசரில் குறைந்த தெளிவில் வரலாம்.

கேள்வி: வீட்டுக்கு வந்து லினக்ஸ் போட்டுத் தர டெக்னீஷியன் 2,500 ரூபாய் கேட்கிறார், அதில் "லினக்ஸ் லைசென்ஸ்" 1,000 என்கிறார். நியாயமா? (வாசகி, விவேக் நகர்)

பதில்: மின்ட், உபுண்டு, ஃபெடோரா எதற்கும் வீட்டு உபயோகத்துக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. அந்த ஆயிரத்தைக் கொடுக்காதீர்கள். வேலைக்கான கூலி வேறு, அதை முன்கூட்டிப் பேசி முடிவு செய்யுங்கள். ஃபைல்களை எடுத்து வைப்பது, பிரின்டர் இணைப்பது அந்தக் கூலியில் சேருமா என்றும் கேளுங்கள்.

அவர் வருவதற்கு முன் போட்டோ, ஆவணங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நீங்களே நகல் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்பாக இருந்து அதையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கும்போது டெக்னீஷியன் போன் எடுக்க மாட்டார். பில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.