ஆங்கிலத்தில் ஒன்று, டெனிஷில் நாலு: எதை எடுக்கிறது?

தங்கச்சி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: கணவரின் வேலைக்காக டென்மார்க்கில் ஓர்ஹூஸ் நகருக்கு வந்து, மொழிப்பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து இங்கிலிஷ்–டெனிஷ் அகராதியைத் திறந்தால் ஒரு சொல்லுக்கு மூன்று நாலு சொல் வந்து நிற்கிறது, எதை எடுத்து எழுதினாலும் ஆசிரியை கோடு போட்டுத் திருப்பித் தருகிறார். இதற்கு ஏதாவது வழி இருக்கா, கொமூனிலிருந்து, அதாவது உள்ளூராட்சி அலுவலகத்திலிருந்து, வருகிற கடிதங்களை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு வாசித்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வழி இருக்கு. முதலில் இங்கிலிஷை நடுவில் நிறுத்துவதை விடுங்கள். நானும் இந்த யூட்லாந்துப் பகுதியில் இருக்கிற எங்கட ஆக்கள் பலரும் இங்கிலிஷ் வழியாகத்தான் டெனிஷ் படித்தோம், அதனால்தான் சொல்கிறேன். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள், கத்திக்கும் யன்னலுக்கும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே சொல்தான். அந்தச் சொந்தத்தை நம்பி, இங்கிலிஷில் ஒரு சொல் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் டெனிஷ் சொல்லும் போகும் என்று நினைத்துவிடுகிறோம். போகாது. "இந்த இங்கிலிஷ் சொல்லுக்கு டெனிஷில் என்ன" என்று தேடாமல், "இந்த இடத்தில் நான் தமிழில் என்ன சொல்ல வருகிறேன், அதை டெனிஷ்காரர் எப்படிச் சொல்வார்" என்று தேடுங்கள். பல இடங்களில் தமிழ்தான் கிட்ட நிற்கும், பழகப் பழக உங்களுக்கே தெரியும். (சொற்களைக் காதில் விழுகிற மாதிரித் தமிழில் எழுதுகிறேன், எழுத்துக்கூட்டலைப் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

எல்லாரும் முதலில் இடறுகிற சொல் 'திங்க்'. பஸ் மூன்று மணிக்கு வரும் போல, நிச்சயமில்லை என்றால் 'ட்ரோ'. சாப்பிட்டுப் பார்த்து, பார்த்து முடித்து, அனுபவித்துவிட்டு நல்லாயிருக்கு என்று எனக்குப் படுகிறது என்றால் 'சூனெஸ்'. ஒரு விஷயத்தை யோசித்து இதுதான் என் கருத்து என்று நிற்பதானால் 'மேனெ'. சும்மா மூளைக்குள் நடக்கிற யோசனை, ஒருவரை நினைத்துக்கொண்டிருப்பது, இதெல்லாம் 'டெங்கெ'. ஆசிரியை அதிகம் கோடு போடுவது முதல் இரண்டுக்கும்தான் என்று நினைக்கிறேன், பாருங்கள், இதுவே ஒரு 'ட்ரோ'. ஒரு டெனிஷ் வீட்டில் சூப் குடித்துக்கொண்டே 'யை ட்ரோர்' ('யை' என்றால் நான்) என்று தொடங்கி சூப் நல்லது என்று சொன்னால், நீங்கள் இன்னும் வாயில் வைக்கவில்லை, கேள்விப்பட்டுச் சொல்கிறீர்கள் என்று ஆகிவிடும். அங்கே வரவேண்டியது 'யை சூனெஸ்'. தமிழில் 'வரும் போல' என்பதையும் 'எனக்குப் படுகிறது' என்பதையும் நீங்கள் ஒருநாளும் மாற்றிச் சொல்ல மாட்டீர்கள், ஆகவே அந்த வித்தியாசம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கு, இங்கிலிஷ்தான் அதை ஒரே சொல்லில் மூடிவிடுகிறது.

'ஐ நோ' என்பதில் தமிழ் முழுதாகக் கைகொடுக்காது, எங்களுக்கும் எல்லாம் 'தெரியும்' தான். செய்தி, விவரம் தெரியும் என்றால் 'வீதெ'. ஆளையோ ஊரையோ பழக்கம் என்றால் 'கென்னெ'. மொழி தெரியும் என்றால் 'குன்னெ', அதாவது 'யை கன் டான்ஸ்க்'. கடைசியை யாழ்ப்பாணத்தில் சொல்கிற மாதிரி 'டெனிஷ் கதைக்க ஏலும்' என்று மனதில் வைத்தால் மறக்காது.

அடுத்தது சின்ன விஷயம், ஆனால் தினமும் வரும். கோப்பி குடித்து முடித்து இன்னொன்று வேண்டும் என்கிறீர்கள். இங்கிலிஷில் 'அனதர்'. அகராதி 'என் அனன்' என்று கொடுக்கும், அதைச் சொன்னால் இந்தக் கோப்பி சரியில்லை, வேறு கொண்டு வாருங்கள் என்று அர்த்தம். நீங்கள் சொல்ல வேண்டியது 'என் கொப் டில்'. 'டில்' என்பது இன்னும் ஒன்று, 'அனன்' என்பது வேறொன்று. தமிழில் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறோம். அதேபோல 'ஆஸ்க்'. கேள்வி கேட்டால் 'ஸ்பொர்வெ', ஒன்றைத் தரச்சொல்லிக் கேட்டால் 'பேதெ ஓம்'. இதிலும் தமிழும் இங்கிலிஷும் ஒரே பக்கம், எங்கள் 'கேட்பது' இரண்டையும் பிடிக்கும், காதால் கேட்பதையும் சேர்த்துப் பிடிக்கும். ஆகவே இதைத் தனியாகப் பாடமாக்குங்கள்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், அங்கே கையோடு சேர்ந்து வருகிற சொற்களைத்தான் ஆழமாகப் பிடித்துக்கொண்டேன். மேசையில் 'வை' என்பதற்கு இங்கிலிஷில் 'புட்' ஒன்றே போதும். டெனிஷில் பொருள் எப்படி இருக்கப்போகிறது என்று பார்த்துத்தான் வினை. கண்ணாடிக் கோப்பை நிற்கும், அதை 'ஸ்டில்லெ'. கத்தி, கரண்டி படுத்திருக்கும், அதை 'லெகெ'. கோப்பை தட்டு கூட நிற்கிற கூட்டம்தான், அடியில் உட்கார்கிற பொருள் என்பதால். கதவில் செருகிய சாவி உட்கார்ந்திருக்கும், 'சித்தெ'. கடிதம் மேசையில் படுத்திருக்கும், ஆனால் கடிதத்தில் உள்ள விஷயம் நிற்கும்: 'தெ ஸ்டோர் ஈ ப்ரேவெத்', கடிதத்தில் அப்படி இருக்கு என்று அர்த்தம். படிக்கும்போது சோடி சோடியாகப் படியுங்கள், ஸ்டில்லெயும் ஸ்டோவும் (நிறுத்தி வைப்பது, நிற்பது) ஒரு சோடி, லெகெயும் லிகெயும் (படுக்க வைப்பது, படுத்திருப்பது) இன்னொரு சோடி. சாப்பாட்டு மேசையை அடுக்கும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வையுங்கள். புத்தகத்தில் வாசித்து இது வராது, கையில்தான் வரும்.

'சேஞ்ச்' இன்னும் மோசம். உடுப்பு, படுக்கை விரிப்பு, ரயில் மாறினால் 'ஸ்கிஃப்டெ'. கடையில் வாங்கின சட்டை அளவில்லை என்று மாற்றினால் 'பூட்டெ'. காசை இன்னொரு நாட்டுக் காசாக மாற்றினால் 'வெக்ஸ்லெ'. மிச்சக் காசு 'பூட்டெபெங்கெ'. திட்டத்தை மாற்றினால் 'என்ட்ரெ'. டொக்டரிடம் எடுத்த நேரத்தை மாற்றினால் 'ஃப்ளூட்டெ', அதாவது நகர்த்துகிறோம். இதைப் பட்டியலாக ஒட்டி வைக்க வேண்டாம், ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்தோடு படியுங்கள்: ரயில் நிலையத்தில் ஸ்கிஃப்டெ, கடையில் பூட்டெ.

'சாரி'யைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இதில் எனக்கு உண்மையாகவே அக்கறை. பஸ்ஸில் ஒருவரில் முட்டினால் 'உன்ஸ்குல்'. கடிதத்திலும் அலுவலகத்திலும் வருத்தம் தெரிவித்தால் 'பெக்லேயர்'. ஆனால் ஒரு முதியவர் தன் மனைவி இறந்துவிட்டார் என்று சொல்லும்போது 'உன்ஸ்குல்' என்று சொல்லாதீர்கள், அது நீங்கள் தவறு செய்து மன்னிப்புக் கேட்பது. அங்கே 'தெ கோர் மை ஓன்ட்' என்று சொல்லலாம், எனக்கு நோகிறது என்ற பொருளில். இங்கே வேலை செய்யப் போகிறவர்கள், முக்கியமாகப் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள், இந்த ஒன்றையாவது முதல் வாரத்திலேயே தெரிந்துவைத்திருப்பது நல்லது. துக்கத்தில் இருக்கிற மனிதருக்கு அந்த ஒரு வசனம் எவ்வளவு ஆறுதல் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நேரத்துக்கு வருவோம். பொதுவாக நேரம் 'டீத்', ஒரு தரம் இரண்டு தரம் என்பது 'கங்', மணி என்ன என்று கேட்டால் 'க்ளொக்கன்'. இங்கிலிஷ் 'டைம்' போலவே எழுதப்படுகிற 'டீமெ' என்பதோ ஒரு மணித்தியாலம், அல்லது பள்ளிக்கூடத்தில் ஒரு பாடவேளை. அப்புறம் 'அப்பாயின்ட்மென்ட்': டொக்டர், பல் வைத்தியர், முடிவெட்டுகிற இடம் எல்லாவற்றுக்கும் 'டீத்' தான், 'பெஸ்டில்லெ என் டீத்' என்றால் நேரம் எடுப்பது. நண்பரைச் சந்திக்க ஒத்துக்கொண்டால் 'அவ்டாலெ'. அகராதியில் 'உத்நெவ்னெல்செ' என்றும் ஒன்று இருக்கும், அது அமைச்சர், நீதிபதி போன்றவர்களின் நியமனம். டொக்டரின் வரவேற்பில் அதைச் சொன்னால் அவர்களுக்கு விளங்காது. இதோடு சேர்த்து இன்னொன்று: 'ஹல் ட்ரே' என்றால் இரண்டரை. இங்கிலாந்துப் பேச்சில் 'ஹாஃப் த்ரீ' என்றால் மூன்றரை. அந்தப் பழக்கத்தோடு வந்தால் ஒரு மணித்தியாலம் பிந்திப் போய் நிற்பீர்கள். மூன்றுக்குப் போகிற வழியில் பாதி என்று வையுங்கள்.

'ஃப்ரீ' என்பதும் அப்படித்தான். வேலை இல்லாத நாள், லீவு என்றால் 'ஃப்ரி'. காசு இல்லாமல் கிடைத்தால் 'க்ராதிஸ்'. ஆள் இல்லாத இருக்கை 'லேதி', ஆனால் ஒரு மனிதரை 'லேதி' என்றால் வேலை இல்லாதவர் என்றும் பொருள் வரும். சனிக்கிழமை நீங்கள் ஃப்ரீயா என்று கேட்க நினைத்தால் 'ஹா டு டீத் பொ லோர்தா', நேரம் இருக்கா என்று கேளுங்கள். தமிழிலும் நாம் அப்படித்தான் கேட்போம்.

இங்கிலிஷை விட்டால் எவ்வளவு லேசு என்பதற்கு உறவுமுறையைப் பாருங்கள். 'கிராண்ட்மதர்' என்று தேடினால் இரண்டு சொல் வந்து குழப்பும். தமிழில் தொடங்கினால் குழப்பமே இல்லை: அம்மம்மா 'மோர்மோர்', அப்பம்மா 'ஃபார்மோர்'. உங்கள் ஊரில் இரண்டையும் பாட்டி என்பீர்களாக இருக்கலாம், ஆனாலும் எந்தப் பக்கத்துப் பாட்டி என்று உங்களுக்குத் தெரியும்தானே. தாய்மாமன் 'மோர்ப்ரோர்', அப்பாவின் சகோதரி, உங்கள் அத்தை, 'ஃபாஸ்தர்', அம்மாவின் சகோதரி 'மொஸ்தர்'. பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து 'ஃபார்ப்ரோர்' ஒன்றுதான், மூத்தவர் இளையவர் பார்க்க மாட்டார்கள். 'கசின்' இங்கே ஆண் என்றால் 'ஃபெடர்', பெண் என்றால் 'குசீனெ'. பொதுவாக 'ஒங்கெல்', 'டான்டெ' என்றும் சொல்வார்கள். நான் பார்க்கிற முதியவர்களிடம் என் அம்மம்மாவைப் பற்றிக் கதைக்கும்போது 'மோர்மோர்' என்று சொன்ன உடனே தங்கள் மோர்மோரைப் பற்றித் தொடங்கிவிடுவார்கள், அரை மணித்தியாலத்துக்கு நல்ல டெனிஷ் கேட்கலாம்.

அகராதி என்று கேட்டால், இங்கிலிஷ்–டெனிஷ் அகராதியை முதல் படியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நாலு சொல் வந்தால் ஒவ்வொன்றையும் 'டென் டான்ஸ்கெ ஓர்பொ' என்ற டெனிஷ்–டெனிஷ் அகராதியில் திரும்பப் பாருங்கள். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கம் போட்டு, உதாரண வசனம் தந்து, உச்சரிப்பையும் கேட்க வைக்கிறார்கள். விளக்கம் விளங்காவிட்டாலும் உதாரண வசனத்தை வாசியுங்கள், இடம் தெரிந்துவிடும். ஆப்பில் ஒற்றைச் சொல்லைப் போடாதீர்கள், முழு வசனம் போடுங்கள், வந்ததைத் திருப்பி மொழிபெயர்த்துப் பாருங்கள். நூலகங்களில் நடக்கிற 'ஸ்ப்ரோகஃபே'க்கும், அதாவது மொழி பேசிப் பழகுகிற சந்திப்புக்கும், போங்கள், ஓய்வுபெற்ற ஆக்கள் பொறுமையாக உட்கார்ந்து கதைப்பார்கள்.

கடிதம்தான் கடைசி, அதில் விளையாட முடியாது. டிஜிட்டல் போஸ்டில், அதாவது அரசாங்கக் கடிதங்கள் வருகிற இணைய அஞ்சல்பெட்டியில், வந்து விழுந்தாலே அது உங்களுக்குக் கிடைத்ததாகக் கணக்கு, திறக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆப்பில் போட்டு மேலோட்டமாகப் பார்க்கலாம், ஆனால் சில சொற்கள் இங்கிலிஷ் வழியாகத் தமிழுக்கு வரும்போது ஆளே மாறிப்போய் வரும். 'பார்ட்ஸ்ஹோரிங்' என்று வந்தால் இங்கிலிஷில் 'ஹியரிங்' ஆகும், தமிழில் 'விசாரணை' ஆகும். அதைப் பார்த்துப் பயந்து, வேலைக்கு லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினவர்களை எனக்குத் தெரியும். அது விசாரணையே அல்ல. முடிவெடுப்பதற்கு முன் தங்களிடம் உள்ள விவரங்களைக் காட்டி, இதில் நீங்கள் சொல்ல ஏதும் இருக்கா என்று கேட்கிறார்கள், குறித்த நாளுக்குள் எழுதி அனுப்பினால் போதும். பிழையான விவரம் இருந்தால் திருத்துகிற நல்ல சந்தர்ப்பம் அதுதான், பயத்தில் பேசாமல் விட்டுவிடாதீர்கள்.

'க்லேயெ' என்பதும் அப்படி. ஆப் 'கம்ப்ளெயின்ட்', 'முறைப்பாடு' என்று காட்டும், உடனே எங்கட ஆக்கள் அதிகாரியோடு சண்டைக்குப் போவதாக நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். முடிவுக் கடிதத்தில் அந்தச் சொல் மேல்முறையீடு. முடிவு உங்களுக்கு முழுதாகச் சாதகமாக இல்லை என்றால், எங்கே, எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுத்தில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை, அந்தப் பகுதிக்குப் பெயர் 'க்லேயெவைலெத்னிங்', பெரும்பாலும் கடைசியில் இருக்கும். ஆகவே எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் 'ஃப்ரிஸ்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள், கடைசி நாள் அதுதான், அதைக் கலண்டரில் போடுங்கள். அப்புறமும் விளங்கவில்லை என்றால் கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு எடுத்து, 'வா ஸ்கல் யை கோரெ, ஓ வொர்நோர்?' என்று கேளுங்கள்: நான் என்ன செய்ய வேண்டும், எப்போது. பதிலை அவர்களே எழுதி அனுப்பச் சொல்லியும் கேட்கலாம், அங்கே 'பேதெ ஓம்' தான் வரும்.