கோழிக்கறியைக் கழுவத்தான் வேண்டுமா?

கேள்வி: கடையிலிருந்து வாங்கி வரும் கோழிக்கறியை மஞ்சள்தூள் போட்டு, குழாயடியில் நான்கைந்து முறை அலசிய பிறகே அடுப்பில் ஏற்றுவது என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகனோ, கறியைக் கழுவவே கூடாது என்கிறான். எது சரி?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரிட்டனின் உணவுத் தர முகமை, பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம் என்று 2014-லேயே மக்களைக் கேட்டுக்கொண்டது. கோழியின் குடலில் வாழும் கேம்பிலோபாக்டர், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அறுக்கும்போது கறியில் ஒட்டிக்கொள்கின்றன. குழாய்த் தண்ணீர் அவற்றைக் கொல்வதில்லை, தெறிக்கும் துளிகளோடு தொட்டிக்கும் மேடைக்கும் பக்கத்தில் இருக்கும் பாத்திரங்களுக்கும் பரப்பிவிடுகிறது. குழம்புக்கு நறுக்கிய சின்ன வெங்காயத்தில் அந்தத் துளி விழுந்தால் அது வெந்துவிடும். தயிர்ப் பச்சடிக்கு நறுக்கிய வெங்காயத்தில் விழுந்தால் நேரே வயிற்றுக்குள் போகும். அமெரிக்க வேளாண் துறை 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 26 சதவீதம் பேரின் பச்சைக் கீரைக் கலவையில் கறியிலிருந்த கிருமி போய்ச் சேர்ந்திருந்தது.

ஆனால், அங்கே கிடைப்பது ஆலையிலேயே சுத்தம் செய்து பொட்டலமாக வருகிற கோழி. நம் ஊரிலோ கண்ணெதிரே அறுத்து, மரக்கட்டையில் வைத்து வெட்டித் தருகிறார்கள்; இறகின் அடிக்குருத்தும் எலும்புச் சில்லும் உறைந்த இரத்தமும், நாட்டுக்கோழியானால் மஞ்சள் பூசித் தீயில் வாட்டிய கரியும் அதில் இருக்கும். அதை அப்படியே குழம்பில் போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, பச்சடிக் காய்களை முதலிலேயே நறுக்கி மூடி அப்புறப்படுத்திவிட்டு, அகலமான போசியில் தண்ணீர் பிடித்து, குழாயை மூடிய பிறகு கறியை அதில் அமிழ்த்தி மெதுவாக ஒருமுறை அலசுங்கள். அந்தத் தண்ணீரைத் தொட்டியின் துளையருகே தாழ்வாகச் சாய்த்து ஊற்றுங்கள். பிறகு தொட்டி, போசி, அரிவாள்மனை ஆகியவற்றைச் சோப்பும் சுடுநீரும் விட்டுத் தேய்த்து, கைகளை 20 விநாடியாவது சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மஞ்சளும் எலுமிச்சையும் கவிச்சியைக் குறைக்கும். கிருமியைக் கொல்லும் வேலையை அவற்றிடம் விட்டுவிடாதீர்கள். அது அடுப்பின் வேலை. கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும். பள்ளிபாளையம் சிக்கனுக்கு வெட்டும் சிறு துண்டுகள் எளிதில் வெந்துவிடும். பிரியாணிக்குப் போடும் முழுத் தொடையைத்தான் எலும்பு ஒட்டிய இடத்தில் பிளந்து, உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல் நன்றாக வெந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மகன் அங்கே வாங்கும் பொட்டலக் கோழிக்கு இந்த ஓர் அலசல்கூடத் தேவையில்லை.