குப்பைக் கசிவுநீரும் வன்னிக் களிமண்ணும்: கேள்வி பதில்

கேள்வி (முருங்கன்): எங்கட கறுப்புக் களி தண்ணியே விடாது. குப்பைக் குழிக்கு அடியில அதைப் போட்டால் காணாதா?

பதில்: தண்ணீரை விடாது, சரி. கசிவுநீர், அதாவது குப்பையிலிருந்து ஊறி வடியும் அழுக்கு நீர், வேறு. முருங்கன் மண்ணில் மொன்மோரிலோனைற் என்ற வீங்கும் களிக் கனிமம் அதிகம். அதன் துகள்கள் நீர்ப்படலம் பிடித்து வீங்குவதால்தான் துளைகள் அடைபடுகின்றன. கசிவுநீரிலுள்ள கல்சியம், மக்னீசியம், அமோனியம் அந்தப் படலத்தைச் சுருக்கும். துகள்கள் திரளும், இடையில் வழி திறக்கும். திரவ எல்லை (மண் குழம்பாய் ஓடத் தொடங்கும் ஈர அளவு) இறங்கி, நீர் கடத்துதிறன் (மண் நீரைத் தன்னூடாக விடும் அளவு) ஏறும். அதிகம் வீங்காத கயோலினைற் கனிமம் கூடிய மண் இவ்வளவு மாறாது.

குழிக்கு அடியில் போடும் களிப் படைக்கு வழக்கமான இலக்கு, 60 சென்ரிமீற்றர் தடிப்பும் செக்கனுக்கு 10⁻⁹ மீற்றருக்கு மேற்படாத கடத்துதிறனும். இறுகிய பின் 15 சென்ரிமீற்றர் வரும்படி படைபடையாகப் போட்டு, மண் மிக நன்றாக இறுகும் உகந்த ஈரத்தைவிட 2 முதல் 4 வீதம் கூட வைத்து ரோலர் ஓட்டுங்கள். ஆய்வுகூடத்தில் மாதிரியை முதலில் நல்ல நீரால் நிரப்பிவிட்டு, பிறகு கசிவுநீரை விடுங்கள். துளைக் கனவளவை (மாதிரியிலுள்ள துளைகளின் மொத்தக் கொள்ளளவை) போல் இரு மடங்காவது கடந்து, வெளியேறும் நீரின் மின்கடத்துதிறன் உள்ளே விடுவதோடு ஒத்துவரும்வரை நிறுத்தக்கூடாது. குழாய்நீரில் மட்டும் சோதித்த அறிக்கையை ஏற்காதீர்கள்.

கேள்வி (கிளிநொச்சி): பென்டோனைற் கலந்தால்?

பதில்: நன்றாக வீங்கும் களியான சோடியம் பென்டோனைற்றில் சோடியத்தின் இடத்தைக் கல்சியம் பிடித்துக்கொண்டால் வீக்கம் போய்விடும். கசிவுநீரில் சோதியாமல் வாங்க வேண்டாம்.

கேள்வி (மாங்குளம்): குப்பைமேட்டுக்குப் பக்கத்துக் கிணற்றுநீர் மஞ்சளாயிருக்கு. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

பதில்: குடிக்கவே வேண்டாம். கொதித்தாலும் நைத்திரேற்றும் உலோகமும் போகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (வவுனியா): ஐயா, நீங்கள் சொல்வது பாதிதான். கசிவுநீரிலுள்ள பக்ரீரியாவும் சுண்ணப்படிவும் துளைகளை அடைத்து, கடத்துதிறனைக் குறைக்குமே!

பதில்: குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அடைப்பு முதலில் விழுவது களிக்கு மேலே கசிவுநீரை வடிக்கப் போடும் கல் படையில். அது அடைபட்டால் கசிவுநீர் களிக்கு மேல் தேங்கும். 60 சென்ரிமீற்றர் களியின் மேல் 30 சென்ரிமீற்றர் நின்றால் நீர்ச்சாய்வு (களியும் நீரும் சேர்ந்த உயரத்தைக் களியின் தடிப்பால் வகுத்தது) 1.5, 120 நின்றால் 3. கடத்துதிறன் மாறாவிட்டாலும் கசிவு இரு மடங்கு.

கேள்வி (வவுனியா): அப்ப களியே அடைபட்டுக் கடத்துதிறன் பாதியாய்க் குறைந்தால் கணக்குச் சரிதானே?

பதில்: எல்லா இடமும் ஒரேயளவு அடைபட்டால் சரி. ஒரு வெடிப்பு இருந்தால் நீர் அங்கேதான் இறங்கும். அடைப்பை நம்பித் தடிப்பைக் குறைக்காதீர்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): எங்கட ஊரில களி இருக்கு. சும்மா போட்டால் போதாதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (மன்னார்): வைகாசியில படை போட்டு, குப்பை கொட்ட மாரி வரை பொறுக்கலாமா?

பதில்: கூடாது. கோடையில் காய்ந்து வெடித்தால் சோதனையில் கண்ட எண் எதுவும் அங்கே செல்லாது. ஒவ்வொரு படை முடிந்ததும் பவுசரால் ஈரமாக்கி பொலித்தீன் விரியுங்கள். வெடித்த படையைக் கிளறி, ஈரமூட்டி, மறுபடி இறுக்குங்கள். மேலே மண் பூசி மறைக்காதீர்கள்.