ஓநாய் வந்தா ஆறு திரும்பிடுமா?

அண்ணா வணக்கம். என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, ஸ்கூல்ல மூணு நிமிஷம் பேசணும். அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் காட்டுக்குள்ள ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதும் மான் கூட்டம் கொறஞ்சு, மரம் வளந்து, பீவர் வந்து, கடைசியில ஆறே போக்கை மாத்திக்கிச்சுன்னு ஒரு வீடியோ பாத்துட்டு அதையே எழுதி வச்சிருக்கா. இதை அப்படியே பேசலாமா? மாடு வளக்கிறவங்க எதிர்க்கிறாங்களாமே, அது நியாயமா? பீவருக்குத் தமிழ்ல என்ன பேரு? எனக்கு அந்த வீடியோ பாத்து ஒரு தெம்பு வந்துச்சுண்ணா, நாம எதை அழிச்சாலும் பின்னாடி சரி பண்ணிக்கலாம்னு.
கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

பீவரை நீர்நாய்னு எழுதிடாதீங்க, அது வேற பிராணி, நம்ம காவிரியிலயே இருக்கு. பீவர்ங்கறது மரத்தைக் கடிச்சு ஓடையில அணை கட்டற பிராணி, பீவர்னே சொல்லட்டும். மாட்டுக்காரங்க விஷயம், ராத்திரியெல்லாம் கண்ணுக்குட்டிக்குக் காவல் இருக்கிறவனோட கோவம் எனக்குப் புரியுது, நஷ்டஈடு குடுக்கிற ஏற்பாடும் அங்க இருந்துச்சு, அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதறேன். இப்ப உங்க கடைசி வரிதான் என்னைத் தூங்க விடலை. எதை அழிச்சாலும் பின்னாடி சரி பண்ணிக்கலாமா? யாரு தம்பி உங்களுக்கு அப்படிச் சொன்னது?

யெல்லோஸ்டோன் ஒரு தேசியப் பூங்கா. அந்தப் பார்க்குல கடைசி ஓநாய்க் குட்டிங்களைக் கொன்னது 1926ல, கொன்னது பார்க் ஆளுங்களே. திரும்பக் கொண்டுவந்தது 1995 ஜனவரியில, கனடாவுல ஆல்பெர்ட்டாவுல புடிச்சு 14, அடுத்த வருஷம் பிரிட்டிஷ் கொலம்பியாவுல இருந்து 17. நடுவுல கிட்டத்தட்ட எழுபது வருஷம் போயிடுச்சு. வீடியோவுல இந்த எழுபது வருஷம் ஒரு நொடியில ஓடிப்போயிடும், ஆனா நிலத்துக்கு அது எழுபது வருஷம்தான். எல்க் மான் கூட்டம் ஓடைக்கரையில வளர்ற வில்லோங்கற புதர்மரத்தைத் தளிரா வரும்போதே மேஞ்சு தீத்துச்சு, திங்கறதுக்கும் அணை கட்டறதுக்கும் வில்லோ இல்லாம பீவர் போச்சு, பீவர் பாத்துக்காத அணை ஒடைஞ்சுது, தேங்கி நின்ன தண்ணி வேகமா ஓடி ஓடையோட தரையையே அறுத்துக் கீழ இறக்கிடுச்சு. ஓடை இறங்கினா நிலத்தடி தண்ணியும் கூடவே இறங்கும். இப்ப வில்லோவுக்கு வேர் எட்டலை, வில்லோ வளராம பீவர் வராது, பீவர் வந்து தேக்காம தண்ணி மேல வராது. ஓநாய் மானைத்தான் அடிக்கும், தண்ணியை எப்படித் தூக்கும்?

இதை நான் சும்மா சொல்லலை. எங்க ஊர் ஆத்துல எனக்குப் பத்து வயசுல மணலைக் கையால தோண்டினா ஊத்து வரும், அப்பத்தா கொட்டாங்கச்சியால மொண்டு மொண்டு குடத்துல ஊத்தும், அடியில வெள்ளை மணல் பூ மாதிரி கொதிச்சுக்கிட்டு இருக்கும். அப்புறம் லாரி வந்துச்சு. ஆறு ரெண்டு ஆள் ஆழம் இறங்கிப்போச்சு, கரையில இருந்த எங்க கிணறு வத்துச்சு, தென்னையெல்லாம் மட்டை தொங்கிடுச்சு. மணல் அள்றது நின்னு அஞ்சாறு வருஷம் கழிச்சு நல்ல வெள்ளம் வந்துச்சு. ஊரே கும்பிட்டுக்கிட்டு ஓடுச்சு ஆத்தைப் பாக்க. அப்பா மட்டும் கிணத்துக்குப் போனாரு, ஒரு கல்லை உள்ள போட்டுட்டுத் தலையைச் சாய்ச்சுக் கேட்டாரு. டொக்குனு பாறையில விழுந்த சத்தம். வெள்ளம் பள்ளத்தோட போயிடுச்சு, கிணத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. அவரு ரெண்டாவது கல் போடலை.

யெல்லோஸ்டோன்லயும் கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க 2001ல ஆரம்பிச்சு இருபது வருஷம் இதைத்தான் பாத்தாங்க. சில ஓடையில பீவர் கட்டற மாதிரி அவங்களே அணை கட்டினாங்க, சில இடத்துல மேயாம இருக்க வேலி போட்டாங்க. அணையும் வேலியும் சேந்த இடத்துல வில்லோ ஆளை மறைக்கிற உயரம் வளந்துச்சு. ஒண்ணும் பண்ணாம விட்ட இடத்துல, ஓநாய் வந்து அத்தனை வருஷம் ஆகியும், குட்டையாவே நின்னுடுச்சு. வேற ஓடைக்கரையில நல்லாத் தழைச்சிருக்குன்னு காட்டற விஞ்ஞானிகளும் இருக்காங்க, அதுவும் உண்மைதான், எல்லா ஓடையும் ஒரே மாதிரி அறுபடலை. வடக்குப் பக்கத்து எல்க் 19,000 கிட்ட இருந்தது 2013ல 4,000 கிட்ட வந்துச்சு, ஆனா அதுல கரடிக்கும் பூமாங்கற பெரிய காட்டுப்பூனைக்கும் வேட்டைக்காரனுக்கும் பங்கு இருக்கு. எல்லாத்தையும் ஓநாய் தலையில ஏத்தறது அதுக்கே அநியாயம்.

அதுக்காக ஓநாயைக் கொண்டுவந்தது வீண்னு நான் சொன்னதா போய் எழுதிடாதீங்க. வரவேண்டியதுதான், அது அதோட வீடு. நதியைத் திருப்பினாதான் அதுக்கு வாழ உரிமையா? இருக்கிறதைக் காப்பாத்தணும்னு சொல்ற இடத்துல போய் 'பின்னாடி சரி பண்ணிக்கலாம்'னு தெம்பு தேடாதீங்க, அந்தத் தெம்புலதான் எங்க ஆத்துக்குள்ள லாரி இறங்குச்சு.

பாப்பாவைத் திட்டிடாதீங்க, அவ ஆசையா எழுதியிருக்கா. அவளுக்கு நான் வேற ஒண்ணு தர்றேன். வந்த 14ல ஒன்பதாம் நம்பர் ஒரு பெண் ஓநாய், பத்தாம் நம்பர் அதோட ஜோடி. பார்க்கை விட்டு வெளிய மொன்டானாவுல ரெட் லாட்ஜ் பக்கம் போனப்ப 1995 ஏப்ரல்ல பத்தாம் நம்பரை ஒருத்தன் சுட்டுட்டான். ஒன்பது தனியா ஒரு மரத்தடியில எட்டுக் குட்டி போட்டுச்சு. தாயையும் குட்டிகளையும் பத்திரமா எடுத்துட்டு வந்து பார்க்குல அடைப்புக்குள்ள வச்சிருந்து அக்டோபர்ல திறந்து விட்டாங்க. அப்ப எட்டாம் நம்பர்னு ஒரு இளவட்டம், அதோட கூட்டத்துலயே சின்ன உருவம், அண்ணன் தம்பிங்க கிட்டயெல்லாம் கடி வாங்கினது, வந்து சேந்துச்சு. தன் குட்டி இல்லை ஒண்ணுகூட. எட்டையும் அதுதான் வளத்துச்சு.

மூணு நிமிஷத்துக்கு இது சரியா இருக்கும். ஆறு போக்கை மாத்தின வரியை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க.