தாவும் மரபணுத் துண்டுகள்: கேள்வி பதில்

கவிதா: சோளத்தில் மரபணு இடம் மாறும் என்று படித்தேன். நம் உடம்பிலுமா?

ஆமாம். பார்பரா மெக்ளின்டாக் 1940களில் சோளத்தில் இதைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு வந்ததோ 1983இல். நம் டிஎன்ஏவில் லைன்-1 என்ற தாவும் துண்டு மட்டுமே ஏறக்குறைய 17 சதவீதம். சுமார் 5 லட்சம் பிரதிகள்! பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை சிதைந்து செயலிழந்தவை. ஒருவரிடம் இன்னும் தாவக்கூடியவை 80 முதல் 100 வரைதான்.

செல்வம்: தாவினால் பழைய இடம் காலியாகாதா சார்?

ஆகாது. லைன்-1 முதலில் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படும். அந்த ஆர்என்ஏவைப் பார்த்து வேறோர் இடத்தில் புது டிஎன்ஏ எழுதப்படும். அசல் அங்கேயே இருக்கும்.

நஸ்ரீன்: மூளையில் ஒவ்வொரு நரம்பணுவும் வெவ்வேறாக இருக்க இதுதான் காரணமாமே?

இந்தச் செய்தியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 2009இல் ஒரு நரம்பணுவுக்குச் சுமார் 80 புதிய தாவல்கள் என்று மதிப்பிட்டார்கள். 2015இல் வந்த இன்னோர் ஆய்வு 13, 14 என்றது. பாஸ்டனில் ஆய்வாளர் கிறிஸ்டஃபர் வால்ஷின் குழுவுக்கோ சராசரியாக ஒன்றுகூடத் தேறவில்லை. ஏன் இத்தனை வித்தியாசம்? ஒற்றை உயிரணுவில் இருக்கும் துளி டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கித்தான் படிக்க முடியும். பெருக்கும்போது தொடர்பில்லாத துண்டுகள் தவறாக ஒட்டிக்கொள்ளும். அவை புதிய தாவல் போலவே தெரியும். அதைக் கழித்துப் பார்த்தால் சிறிய எண்தான் மிஞ்சுகிறது என்பது என் கருத்து. நம் குணவேறுபாட்டுக்கெல்லாம் இதைக் காரணம் காட்டுவது அவசரம்.

முருகன்: அப்படியானால் எங்கே அதிகம்?

பெருங்குடலில். 2023இல் கொரிய ஆய்வாளர்கள் நோயற்ற பெருங்குடல் அணுக்களிலேயே தாவல்கள் சகஜம் என்று காட்டினார்கள். வழக்கமாக லைன்-1ஐ மெத்தில் பூட்டு, அதாவது டிஎன்ஏமேல் ஒட்டியிருக்கும் சிறு வேதிக்குறி, அடக்கி வைத்திருக்கும். பூட்டுத் தளர்ந்தால் விழித்துக்கொள்ளும். பெருங்குடல், உணவுக்குழாய், நுரையீரல் புற்றுகளில் தாவல்கள் ஏராளம், ரத்தப் புற்றில் மிகக் குறைவு. பெரும்பாலான தாவல்களால் கெடுதல் இல்லை. ஆனால் ஏபிசி என்ற புற்றுத்தடுப்பு மரபணுவுக்குள் ஒன்று விழுந்திருந்ததை 1992இலேயே ஒரு குடல்புற்றில் பார்த்திருக்கிறார்கள்.

ஜெயந்தி: பிள்ளைகளுக்குப் போகுமா?

குடலிலோ மூளையிலோ நடந்தது போகாது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ நடந்தால் போகும்.

செல்வம்: எச்ஐவி மாத்திரை இதைத் தடுக்குமாமே?

லாமிவுடின் எச்ஐவியின் தலைகீழ் படியெடுப்பு நொதியை, அதாவது ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் நொதியை, முடக்கும் மருந்து. லைன்-1க்கும் அதே வகை நொதி உண்டு. வயதான எலிகளுக்குக் கொடுத்தபோது அழற்சி குறைந்தது. அதற்காக மருந்துக்கடையில் போய்க் கேட்காதீர்கள்!