பயோனெட்டில் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) 1907 என்று இருந்தால் 1907இல் செய்ததா?

வாங்க நினைக்கும் பயோனெட்டின் படத்தை அனுப்பி, விற்பவர் இதை "முதல் வருஷச் சரக்கு" என்கிறார், நிஜமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. 1907 என்பது மாடல் எண். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கிக்கான அந்த வடிவத்தின் பெயரே அது. 1918இல் அடித்த கத்தியிலும் அதே 1907தான் இருக்கும். "முதல் வருஷச் சரக்கு" என்று விற்பவர் சொன்னது இதை வைத்துத்தான். (தெரியாமல் சொல்பவர்களும் உண்டு, தெரிந்தே சொல்பவர்களும் உண்டு.)

உங்கள் படத்திலேயே விடை இருக்கிறது. கிரீடத்துக்குக் கீழே ‘ஜி.ஆர்.’ தெரிகிறதே, அது பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். அவர் பட்டத்துக்கு வந்ததே 1910இல். அவருக்கு முந்தைய மன்னர் எட்வர்ட் காலத்துக் கத்தி என்றால் ‘ஈ.ஆர்.’ இருக்க வேண்டும்.

சரியான தேதிக்கு 1907க்குக் கீழே பாருங்கள். 5 ’17 என்பதுபோல மாதமும் வருஷமும் சின்னதாக அடித்திருப்பார்கள், கூடவே தயாரிப்பாளர் பெயர். மங்கலாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். முத்திரை தேய்ந்தால் மதிப்பும் போச்சு.

கைக்காப்பில் (பிடிக்கும் அலகுக்கும் நடுவில் உள்ள குறுக்குத் துண்டு) கொக்கி இருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. 1913லேயே கொக்கியைக் கைவிட்டார்கள், பழையவற்றிலும் பலதை வெட்டி எடுத்தார்கள். கொக்கி இருந்தால் விலை அதிகம் என்பதால் இப்போது பற்றவைத்து விற்கிறார்கள். தேதி ’14க்குப் பிந்தையது என்றால் கொக்கியின் அடியில் வெல்டிங் தடம் தேடுங்கள்.

ஒன்று: இந்தியாவில் பயோனெட் ஆயுதச் சட்டத்துக்குள் வரும். உங்கள் பகுதிக்கு உரிமம் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.