இரண்டாம் ஆண்டில் படிப்பை மாற்றலாமா?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து நாள்தோறும் பேருந்தில் சேலம் சென்று இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மனம் வணிகவியலையே நாடுகிறது. மாறிவிடலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: வணிகவியலுக்கு மாறினால் பெரும்பாலும் முதலாண்டிலிருந்தே தொடங்க நேரும். ஆகவே, உங்கள் கசப்பு இயற்பியலின் மீதா, அல்லது 20 கொண்டை ஊசி வளைவுகளைக் காலையும் மாலையும் கடந்து, களைத்து வீடு திரும்பிய பின் கண் செருக எழுதும் செய்முறை ஏட்டின் மீதா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரு பட்டங்கள் படிக்க அனுமதிப்பதால், கல்லூரியில் இயற்பியலைத் தொடர்ந்தபடியே, அங்கீகாரம் பெற்ற தொலைநிலைக் கல்வியில் வணிகவியலைத் தொடங்கலாம். என் விருப்பம் இதுவே. பாடமே பிடிக்கவில்லையெனில் தயங்காமல் மாறுங்கள். ஆனால் புதிய இடம் உறுதியாகும் முன் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடாதீர்கள்.